பாலம் தாண்டியாச்சா?

வருடத்துக்கு ஒரு முறை, பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட இரண்டாவது வாரம், லிஃப்ட் மெக்கானிக் தன் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்புவான். மற்றவர்களுக்கு அது ஏழு மணி நேரப் பாதை. அவனுக்கு ஆறு மணி பத்து நிமிடம். மற்ற நாட்களில் வண்டிக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவன், அந்தச் சாலையில் ஏறிவிட்டால் மட்டும் யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி காலை அழுத்துவான். ஏன் என்று கேட்டால், "வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்னுதான்" என்பான். அவர்கள் கிளம்பும்போதே வெயிலும் கூடவே கிளம்பிவிடும் என்பது வேறு விஷயம்.

காருக்குள் இடங்கள் மாறுவதில்லை. முன்னால் மனைவி. பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள், ஒற்றைப் பார்வையில் ஒரு வகுப்பையே வாயை மூட வைப்பவள். பின்னால் ஒரு பக்கம் சின்னவள், ஒன்பது வயது. வளைவு வந்தால் வயிற்றைப் பிரட்டும் என்பதால் கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை. இன்னொரு பக்கம் மூத்தவள், பதினாறு வயது, காதில் எதையோ சொருகிக்கொண்டு, இந்தக் குடும்பத்தை வழியில் பார்த்து ஏறிக்கொண்டவள் போன்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். இருவருக்கும் நடுவில் ஒரு பெட்டி. அது இல்லாவிட்டால் முதல் அரை மணி நேரத்திலேயே கைகலப்பு.

இன்னொன்றும் மாறுவதில்லை. அக்காவின் போன். வழியில் மூன்று முறை வரும். சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரியும்போது ஒன்று, ஆற்றுப் பாலத்தில் ஒன்று, கடைசியாக ரயில்வே கேட்டில் ஒன்று. ஓட்டுகிறவன் பேசக் கூடாது என்பதால் மனைவிதான் எடுப்பாள்.

"எங்க வந்திருக்கீங்க? ஆலை தாண்டியாச்சா?"

"இப்பத்தான் தாண்டினோம் அண்ணி."

"சரி."

அவ்வளவுதான். வைத்துவிடுவாள். அடுத்தது பாலம். பிள்ளைகளுக்கு இது வருடாந்திர வேடிக்கை. சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பயணிகள் கவனத்துக்கு, நம்ம விமானம் சிமெண்ட் ஆலையைத் தாண்டிடுச்சு" என்பாள். போன வருடம் மூத்தவள் அக்கறையாக, "அத்தை, நாங்க எங்க வர்றோம்னு உங்க போன்லயே தெரியற மாதிரி செஞ்சு தர்றேன். ஒரு புள்ளி நகர்ந்துட்டே வரும்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குடி புள்ளி? நீங்க வாயால சொல்லுங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

இந்த வருடம் ஆலை தாண்டியதும் ஒரு சாலையோரக் கடையில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் கை கழுவப் போன சமயம் பார்த்து மனைவி ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"நான் எப்பக் கத்தினேன்?" என்றான். அதைக் கத்தித்தான் கேட்டான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து அண்ணன் போன் பண்ணாரு. அண்ணிக்கு வலது முட்டி தேஞ்சு போச்சாம். படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். தான் சொன்னது அண்ணிக்குத் தெரிஞ்சா தன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்கன்னு சொல்லிட்டுத்தான் அவர் என்கிட்டயே சொன்னாரு."

அண்ணன் என்று அவள் சொன்னது அக்காவின் கணவரை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரே கண்ணாடி போட அவரிடம்தான் வரும். அவர் மட்டும் அக்காவை நேருக்கு நேர் பார்த்து எதையும் சொல்ல மாட்டார்.

"அப்போ கலங்கரை விளக்கம் ஏறுறது?"

"அதுக்குத்தான் சொல்றேன். இந்த வருஷம் வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க. உங்களுக்காகத்தான் அவங்க வருஷா வருஷம் ஏறுறாங்களாம்."

"எனக்காகவா? நான் அவளுக்காக இல்ல ஏறிட்டிருக்கேன்?"

மனைவி அவனைப் பார்த்தாள். நூலகத்தில் புத்தகத்தைக் கிழித்தவனைப் பார்க்கிற பார்வை அது. "பன்னெண்டு வருஷமாவா?" என்றாள்.

பன்னிரண்டு வருடமாகத்தான். ஊரில் உள்ள அத்தனை பேரையும் படி ஏறாமல் காப்பாற்றுவது அவன் தொழில். ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு மேல் போகவேண்டுமென்றால் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான். அப்படிப்பட்டவன் விடுமுறையில் காசு கொடுத்து இருநூற்றுப் பதினேழு படி ஏறுகிறான். அக்காவும் ஏறுகிறாள். இருவருக்கும் அது பிடிக்காது என்று இப்போதுதான் தெரிகிறது.

அது ஆரம்பித்தது அப்பா இறந்த அடுத்த கோடையில். அப்பா கடைசி நான்கு வருடம் அக்கா வீட்டில்தான் இருந்தார். முன்னறையில், சன்னலோரம் அவர் கட்டில். அந்தக் கோடையில் கட்டிலை எடுத்துவிட்டு அங்கே இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் அவர் தலை சாய்ந்து சாய்ந்து பட்ட கறை மட்டும் இருந்தது. சாப்பிட்டு முடித்து, அவன் ஒரு நாற்காலியிலும் அக்கா எதிர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். அக்கா வாயைத் திறந்து, "அன்னைக்குக் காலையில" என்றாள். அவன் சட்டென்று எழுந்தான். "பாப்பா இன்னும் கலங்கரை விளக்கமே பாக்கலக்கா. வாங்க எல்லாரும் போயிட்டு வந்துடலாம்" என்றான். அப்போது மூத்தவளுக்கு ஐந்து வயது. அவள் எதையுமே கேட்கவில்லை.

அடுத்த வருடம் போய் இறங்கியபோது அக்காவே தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பி வாசலில் வைத்திருந்தாள். அதற்கடுத்த வருடம் படகுச் சவாரியும் சேர்ந்தது. பிறகு குகை, பிறகு சங்கும் சிப்பியும் வைத்திருக்கும் அருங்காட்சியகம். இரண்டு நாளும் நிரம்பி வழியும். மூன்றாம் நாள் காலை கிளம்பிவிடுவார்கள். முன்னறை நாற்காலிகளில் உட்கார யாருக்கும் நேரமிருக்காது.

அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு கேள்விக்கு அவன் பன்னிரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தான். அந்த வியாழக்கிழமை ஏன் போனை எடுக்கவில்லை என்ற கேள்வி.

திங்கட்கிழமை அக்கா பேசியிருந்தாள். "அப்பாவுக்குக் காய்ச்சல். பயப்பட ஒண்ணுமில்ல, நீ சனிக்கிழமை வந்தா போதும்" என்றாள். அக்கா முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமனை வார்டில் நர்சாக வேலை பார்த்தவள். அவள் சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான். வியாழன் காலை ஏழு மணிக்கு, அலுவலகத்து ஆட்கள் வருவதற்குள் வேலையை முடிக்கவேண்டும் என்று ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கம்பிவடம் மாற்றிக்கொண்டிருந்தான். அக்கா மூன்று முறை அழைத்தாள். லிஃப்ட் குழிக்குள் இருந்தேன், சிக்னல் கிடைக்கவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னான். மனைவியிடமும் அதையேதான் சொன்னான். உண்மை அதுவல்ல. அவன் குழிக்குள் இறங்கவே இல்லை. மேலே இயந்திர அறையில், போன் கருவிப் பைக்குள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திரையில் அக்கா என்று வந்ததைப் பார்த்தான். கையெல்லாம் கிரீஸ். சனிக்கிழமை என்னென்ன வாங்கி வரவேண்டும் என்று சொல்லக் கூப்பிடுகிறாள், சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். சாப்பாட்டு நேரத்தில் நான்காவது அழைப்பு வந்தது. அதில் பேசியது மாமா, கண்ணாடிக் கடைக்காரர். அன்று அவன் அந்தச் சாலையை ஐந்து மணி ஐம்பது நிமிடத்தில் கடந்தான். யாருக்காக அவ்வளவு வேகம் என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசித்தான்.

கலங்கரை விளக்கத்தின் சுழல் படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறமுடியும். முகம் பார்க்க முடியாது. மூச்சு வாங்குவதால் பேச முடியாது. மேலே போனால் காற்று காதை அடைக்கும். கேள்வி கேட்பதற்கு இதைவிடத் தோதில்லாத இடம் உலகத்தில் கிடையாது. அதை விட்டுவிடச் சொல்லித்தான் மனைவி இப்போது கேட்கிறாள்.

"சரி, சொல்றேன்" என்று காரைக் கிளப்பினான்.

பாலத்தில் ஏறும்போது போன் வந்தது. "பாலம் தாண்டியாச்சா?" தாண்டியாச்சு என்றாள் மனைவி. ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நிற்கும்போதே மூன்றாவது அழைப்பு.

"கேட் மூடியிருக்கு அண்ணி."

"அப்போ இன்னும் தாண்டலையா?"

"ரயில் போனதும் தாண்டிடுவோம்."

"தாண்டினதும் சொல்லு. மறந்துடாதே."

ரயில் போக ஏழு நிமிடம் ஆனது. அதற்குள் இன்னொரு முறை அழைத்துவிட்டாள். "அத்தைக்கு நம்ம மேல இவ்வளவு பாசமா, இல்ல அந்தக் கேட் மேலயா?" என்றாள் மூத்தவள்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயது, வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடம். இன்னும் வார்டைச் சுற்றி வருகிற நர்சின் நிமிர்வு. ஆனால் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள். பிள்ளைகளைக் கட்டிக்கொள்ள வலது காலை நகர்த்தாமல் இடது காலால் ஓர் அடி வைத்தாள். அவள் பின்னால், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஆறு தண்ணீர்ப் பாட்டில்கள் நிரப்பி வரிசையாக இருந்தன.

சாயங்காலம் எல்லாரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான். "இந்த வருஷம் கலங்கரை விளக்கம் வேணாம்க்கா. எனக்குக் கால் வலி."

அக்கா தன் கணவரைப் பார்த்தாள். மாமா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மிகுந்த கவனத்தோடு துடைக்க ஆரம்பித்தார்.

"உனக்கா? எந்தக் கால்?"

"வலது."

"அந்தக் காலாலதானே காலையில இருந்து ஆக்சிலேட்டரை மிதிச்சே? ஆறு மணி பத்து நிமிஷத்துல வந்தேன்னு இப்பத்தான் பெருமை அடிச்சே."

சின்னவள் சிரித்தாள்.

"பேசாம நாளைக்குக் கிளம்பற வழியைப் பாருங்க. ஒம்பதுக்குத் திறப்பாங்க" என்று அக்கா எழுந்து போனாள். நடையைச் சமாளித்துக்கொண்டுதான் போனாள்.

அவன் இன்னும் ஒரு முறை அழுத்திச் சொல்லியிருக்கலாம். உன் முட்டி எனக்குத் தெரியும் என்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த முன்னறையில், அந்த இரண்டு நாற்காலியில் உட்காரவேண்டும். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டான். கூடப் பிறந்தவளின் முட்டியைவிடத் தன் பயம் தனக்குப் பெரிதாகிவிட்டது என்று அவனுக்கே நன்றாகத் தெரிந்தது. அந்த வெட்கத்தோடுதான் அன்று படுத்தான்.

கலங்கரை விளக்கத்து டிக்கெட்காரருக்கு அவர்களைத் தெரியும். "வந்துட்டீங்களா? நேத்துதான் நெனச்சேன், காலண்டர் பாக்காமலே உங்களை வச்சு மாசம் சொல்லிடலாம்னு" என்றார். அங்கே ஒரு நடைமுறை உண்டு. படிக்கட்டு குறுகல் என்பதால் ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் விடமாட்டார்கள். ஏறிய கூட்டம் முழுவதும் இறங்கி வெளியே வந்த பிறகுதான் அடுத்த கூட்டம். மேலே கால் மணி நேரம் முடிந்ததும் அங்கிருக்கும் காவலாளி மணி அடிப்பார். அன்று அந்த நேரத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அவர்கள் ஆறு பேர் மட்டும்தான்.

மாமா முதலில் போனார். அடுத்து பிள்ளைகள், மனைவி, அக்கா. கடைசியில் அவன். அதுவும் மாறாத வரிசை. பன்னிரண்டு வருடமாக அந்தப் படிக்கட்டில் அவன் பார்த்ததெல்லாம் அக்காவின் குதிகால்களைத்தான். வார்டில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த குதிகால்கள். இந்த முறை இடது குதிகால் மட்டும் படியில் முன்னே போனது. வலது கால் அதன் பின்னால் இழுபட்டு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு படிக்கும் சுவரில் கை ஊன்றும் சத்தம். பத்தாவது படியிலேயே அவன் நிறுத்தியிருக்கவேண்டும். இருபதில் நிறுத்தவில்லை. நாற்பதில், "அக்கா" என்றான். அவள், "ம்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

அறுபத்தெட்டாவது படியில், இரண்டாவது சன்னலுக்குப் பக்கத்தில், அவள் நின்றாள். பிறகு மெதுவாகச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க. நாங்க பின்னாடியே வர்றோம்" என்று மேலே பார்த்துச் சொன்னாள். மனைவியின் காலடி ஒரு கணம் நின்றது. பிறகு மேலே போய் மறைந்தது.

அவன் மூன்று படி கீழே உட்கார்ந்தான். இருவருக்கும் அகலம் போதாததால் அவன் தலை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தது. முட்டி நன்றாக வீங்கியிருந்தது, துணிக்கு மேலேயே தெரிந்தது.

"அவர் சொல்லிட்டாரு, இல்ல?"

"ஆமா."

"அவரை வீட்டுக்குப் போய் வச்சுக்கறேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். சன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் முகம் வியர்த்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காலையில" என்றாள்.

எழுந்து ஓட இடமில்லை. கீழே ஓடினால் அக்காவை நடுப்படிக்கட்டில் விட்டுவிட்டு ஓடவேண்டும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"போன் அடிச்சது எனக்குத் தெரியும்க்கா. நான் குழிக்குள்ள இல்ல. உன் பேரைப் பாத்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"மூணு தடவையும் முழுசா மணி அடிச்சு ஓஞ்சுது. சிக்னல் இல்லாட்டா மணி அடிக்காதுடா. நர்சுன்னா ஊசி போட மட்டும்தான் தெரியும்னு நெனச்சியா?"

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா கேக்கல?"

"உன்னைக் கேட்டா நீ என்னைக் கேப்பியே."

"நான் என்னத்தைக் கேக்கப் போறேன்?"

அக்கா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "சனிக்கிழமை வந்தா போதும்னு ஏன் சொன்னேன்னு. அவர் மூச்சை நான் திங்கட்கிழமையே கேட்டேன். சரியில்லைன்னு தெரிஞ்சுது. ஆனா ரெண்டு நாளாத் தூக்கமில்ல, நைட் டூட்டி வேற. நீங்கல்லாம் வந்தா சமைக்கணும், படுக்கை போடணும். சனிக்கிழமை எனக்கு லீவு. அதனால சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன். வார்டுல வேற யாரோட அப்பாவா இருந்தாலும் உடனே பையனை வரச் சொல்லுங்கன்னு சொல்லியிருப்பேன்."

அவனுக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. சனிக்கிழமை போதும் என்று அவள் சொன்னபோது அவனுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அதைச் சொன்னான். அக்கா தலையாட்டினாள்.

"இதைச் சொல்லத்தான் அன்னைக்கு வாயைத் திறந்தேன். நீ கலங்கரை விளக்கம்னு ஓடிட்டே. சரி, இவனுக்குக் கேக்க இஷ்டமில்லன்னு விட்டுட்டேன். ஆனா நான் சொல்ல வந்தது இது மட்டும் இல்ல."

மேலே எங்கோ சின்னவள் சிரிக்கும் சத்தம் படிக்கட்டு வழியாகச் சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது.

"வியாழக்கிழமை விடிஞ்சதுல இருந்து அப்பா கேட்டுட்டே இருந்தாரு. அவன் கிளம்பிட்டானா, கிளம்பிட்டானான்னு. நீ போனை எடுக்கல. எட்டு மணிக்கு மேல என்னால தாங்க முடியல. கிளம்பிட்டான்பான்னு சொல்லிட்டேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"சொன்னதோட விட்டாரா? அந்த ரோட்டுல இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். எந்த இடத்துக்கு எத்தனை நிமிஷம்னு அத்துப்படி. கண்ணை மூடியே கிடப்பாரு, திடீர்னு ஆலை தாண்டிட்டானாம்பாரு. நான் கடியாரத்தைப் பாத்துப் பாத்துப் பொய் சொன்னேன். முன்னாடி சொன்னாலும் மாட்டிக்குவேன், பின்னாடி சொன்னாலும் மாட்டிக்குவேன். நான் ஆலை தாண்டிட்டான்பான்னு சொன்னா, சரிம்பாரு. அப்புறம் பாலம்."

அவன் அவள் பாதத்தின் மேல் கையை வைத்திருந்தான். எப்போது வைத்தான் என்று தெரியவில்லை.

"பாலம் தாண்டிட்டான்பான்னு சொன்னதும் கண்ணைத் திறந்தாரு. நல்லாப் பேசினாரு. 'அவன் வேகமா வருவான். மெதுவா வரச் சொல்லு'ன்னாரு. அதுக்கப்புறம் பேசல. கேட்டுக்கு எத்தனை மணிக்குன்னு கணக்குப் போட்டு வச்சுக்கிட்டு நான் உக்காந்திருந்தேன். அவர் கேக்கவே இல்ல."

அவன் அழுதான். தோளில் தொடங்கி உடம்பு முழுக்கக் குலுங்கியது. சத்தம் மேலே போய்விடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டான். அக்காவும் அழுதாள், ஆனால் அவள் வார்டில் பழகியவள், கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு முதுகு நிமிர்ந்தே இருந்தாள்.

"உனக்குன்னு அவர் சொன்ன கடைசி வார்த்தை. அதை உன்கிட்ட சேர்க்கணும்னா அந்தப் பொய்யையும் சொல்லணும். என்னைப் பெத்த அப்பாவைச் சாகற நேரத்துல ஏமாத்தினேன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பன்னெண்டு வருஷம் வச்சிருந்துட்டேன்."

"நான் வழியில இருக்கேன்னு நெனச்சுட்டுத்தானே போனாரு?" என்றான்.

"ஆமா."

"பாலம் தாண்டிட்டேன்னு."

"ஆமாடா."

பன்னிரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்தது இப்போதும் அங்கேயேதான் கிடந்தது. ஆனால் அதை இனி ஒளித்துவைக்கவேண்டியதில்லை. அந்த அளவுக்கு மூச்சு விட முடிந்தது.

மேலே மணி அடித்தது. "அப்பா, இறங்கலாமா? நீங்க வழியில உக்காந்திருக்கீங்களாமே" என்று மூத்தவளின் குரல் வந்தது.

"அஞ்சு நிமிஷம் இருங்க" என்று கத்தினான்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். வீங்கிய முட்டி மடங்கவில்லை. அவன் அவளுக்குக் கீழே நின்று, அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினான். அவள் இரண்டு கையையும் அவன் தோள்மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். அத்தனை வருடத்தில் அந்தப் படிக்கட்டில் அவள் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அப்பாவின் முகம் அவளுக்கு அப்படியே வந்துவிட்டிருந்தது.

"என்ன, இந்த வருஷம் பாதியிலயே இறங்கிட்டீங்க?" என்றார் டிக்கெட்காரர்.

"எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ரிட்டயர்மென்ட். முட்டிக்கு இன்னைக்கு" என்றாள் அக்கா.

அன்றும் மறுநாளும் அக்காவும் அவனும் வேறெங்கும் போகவில்லை. படகுக்கும் குகைக்கும் மாமாதான் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். முட்டி ரகசியத்தை உடைத்ததற்குத் தன்னை யாரும் திட்டாததில் அவருக்கே ஆச்சரியம். அக்காவும் தம்பியும் முன்னறையில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பேசியது கொஞ்சம்தான். பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும் வழியில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் போன் விஷயத்தையும் சொன்னான். அவள், "இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாள். ஆமாம் என்றான்.

அடுத்த கோடையிலும் அதே கார், அதே இடங்கள், நடுவில் அதே பெட்டி. ஆனால் லாரிகளெல்லாம் அவர்களைத் தாண்டிப் போயின. ஒரு டிராக்டர்கூடத் தாண்டியது. "அப்பா, நாம ஊர்வலமாவா போறோம்?" என்றாள் மூத்தவள்.

"மெதுவா வரச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"தாத்தா" என்றான். அவள் ஒரு கணம் அவனைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்தாள்.

ஆலையில் அக்காவின் போன் வந்தது. பாலத்திலும் வந்தது. மனைவி பதில் சொன்னாள். ரயில்வே கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தில் வண்டி ஏறி இறங்கியதும் அவன் ஓரமாக ஒரு மரத்தடியில் நிறுத்தினான். அக்கா இன்னும் அழைக்கவில்லை. அவன் இறங்கிப்போய் நின்று, தானே அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா, கேட் தாண்டிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்வது கேட்டது. அவள் நடந்து போவதும், காலைத் தாங்கித் தாங்கிப் போவதும் கேட்டது. எங்கே போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. முன்னறையில், அப்பாவின் கட்டில் இருந்த சன்னல் பக்கம் திரும்பி, போனிலிருந்து கொஞ்சம் விலகிய குரலில் அவள் சொன்னாள்.

"கேட் தாண்டிட்டான்பா."